டெக்சஸில் 48 ஏக்கர், கையில் எண்ணெய்க் கம்பெனியின் லீஸ்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி மூன்று வருடத்துக்கு முன் கொன்சாலஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போல) 48 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கியிருக்கிறார்கள். போன வாரம், நிலத்துக்காரர்களிடம் லீஸ் பேசி வாங்கும் லேண்ட்மேன் ஒருவர் வந்து எண்ணெய், எரிவாயு லீஸ் ஒன்றை மேஜையில் வைத்திருக்கிறார். ஏக்கருக்கு 750 டாலர் போனஸ், 3/16 ராயல்டி, மூன்று வருடக் கெடு, வேண்டுமானால் கம்பெனி இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "750 நியாயமான விலையா? குத்தாலம் பக்கம் எங்கள் மாமனார் நிலத்தை ஓஎன்ஜிசி குத்தகைக்கு எடுத்ததே, அது மாதிரிதானா இதுவும்?" என்று அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார்.

நீங்கள் விலையைக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் வேறு இரண்டைப் பார்ப்பேன்: விற்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் அது எத்தனை காலத்துக்குக் கைவிட்டுப் போகும். போனஸ் தொகை எனக்கு மூன்றாவதோ நான்காவதோதான். பதினேழு வருடமாக இதே வேலை. முதல் பதினொரு வருடம் கம்பெனிகளுக்காகக் கவுண்டி கிளார்க் அலுவலகங்களில் பத்திரம் தேடும் லேண்ட்மேனாக இருந்தேன். இப்போது நிலத்துக்காரர்கள் பக்கம் உட்கார்ந்து அதே பத்திரங்களைப் படிக்கிறேன். நான் வக்கீல் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

குத்தாலம் கதையை முதலில் ஒதுக்கிவிடலாம். அந்த அனுபவத்தை வைத்து இந்தக் காகிதத்தைப் படித்தால் தப்பாகத்தான் படிப்பீர்கள். நம்மூரில் நிலம் உங்களுடையதாக இருந்தாலும் அடியில் கிடக்கும் எண்ணெயில் உங்களுக்குப் பங்கு கிடையாது. 1948ஆம் வருட எண்ணெய் வயல் சட்டத்தின் கீழ், மத்திய அரசின் ஒப்புதலோடு மாநில அரசு உரிமம் கொடுக்கும். ராயல்டியும் மாநில அரசுக்கே போகும். நிலத்துக்காரருக்குக் கிடைப்பது மேல் மண்ணைப் பயன்படுத்துவதற்கான குத்தகைப் பணமும் பயிர் இழப்பீடும். கிணற்றில் எண்ணெய் பொங்கினாலும் வற்றினாலும் உங்கள் மாமனாருக்கு அதே தொகைதான். டெக்சஸில் தனியார் நிலத்தின் அடியில் உள்ள எண்ணெய் தனியார் சொத்து. விளைச்சலில் உங்களுக்குப் பங்கு உண்டு. அதனால் இதை வீட்டு வாடகை ஒப்பந்தம் போல நினைக்காமல், நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். போனஸ் என்பது கையெழுத்துப் போடும்போது தரும் முன்பணம். ராயல்டிதான் வாரம். வாரத்துக்கு விடுபவர் எதையெல்லாம் கேட்பார்? எத்தனை பங்கு, எந்த இடத்தில் அளப்பது, சுமை கூலி யார் தலையில், பயிர் வைக்காவிட்டால் நிலம் எப்போது திரும்பும். இந்த லீஸிலும் கேட்க வேண்டியவை அவைதான்.

ஆனால் அந்த எண்ணெய் உங்களுடையதுதானா? இங்கே மேல் நிலமும் கீழே உள்ள கனிமமும் தனித்தனிச் சொத்து. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்கலாம். கொன்சாலஸ் போன்ற பழைய விவசாயக் கவுண்டிகளில் நூறு வருடமாக இப்படிப் பிரித்துப் பிரித்து விற்றிருக்கிறார்கள். ஒரு கிளார்க் அலுவலகத்தில் நான் பார்த்த 1948ஆம் வருடக் கிரயப் பத்திரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நான்கு எல்லை அளவுகளும் முக்கால் பக்கம் ஓடி முடிந்த பிறகு, கடைசியில் தட்டச்சில் ஒரே வரி: எண்ணெய், எரிவாயு, இதர கனிமங்களில் பிரிவினை செய்யப்படாத பாதிப் பங்கை விற்பவர் தமக்கே வைத்துக்கொள்கிறார். அந்த ஒரு வரியால், அதற்குப் பின் அந்த நிலத்தை வாங்கிய ஐந்து குடும்பமும் பாதி எண்ணெயைத்தான் வாங்கியிருக்கிறது. கடைசியாக வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது. வாங்கும்போது, நில உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி எல்லாம் பார்த்திருக்குமே என்பீர்கள். உங்கள் டைட்டில் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து விலக்குகள் பட்டியலைப் பாருங்கள். டெக்சஸில் பெரும்பாலான பாலிசிகள் கனிம உரிமைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அங்கே ஒதுங்கிக்கொள்ளும். நம்மூர் வில்லங்கச் சான்று போல ஒரு தாளில் வருகிற விஷயமில்லை இது. தாய்ப்பத்திரம் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே 48 ஏக்கர் என்பது மேல் மண்ணின் கணக்கு. லீஸ் பேச்சில் ஓடுவது நிகரக் கனிம ஏக்கர். பாதிக் கனிமம்தான் உங்களுடையது என்றால் அது 24. போனஸ் 36,000 டாலர் வராது, 18,000தான் வரும். பத்திரத்தைப் பார்க்காமல் உங்களுக்கு எவ்வளவு என்று நானோ வேறு யாருமோ சொல்ல முடியாது. லேண்ட்மேன் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார் என்றால் அவர் கையில் ஏதோ ஒரு முதற்கட்டத் தேடல் இருக்கிறது, உங்கள் பெயரில் ஏதோ தென்பட்டிருக்கிறது என்பது வரை ஊகிக்கலாம். நேராகவே கேளுங்கள்: "எனக்கு எத்தனை நிகர ஏக்கர் இருப்பதாக உங்கள் கணக்கு சொல்கிறது? அந்த அறிக்கையின் நகலைத் தருவீர்களா?" எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அறிக்கையைத் தரச் சிலர் தயங்குவார்கள், ஆனால் கேட்பதில் தப்பில்லை. ஒருவேளை கனிமம் துளியும் உங்களுடையதாக இல்லை என்றால் நீங்கள் பேச வேண்டியது லீஸ் பற்றியே அல்ல, மேல் நிலத்தைப் பயன்படுத்தும் ஒப்பந்தம் பற்றி. அதில் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். டெக்சஸ் சட்டத்தில் கனிம உரிமைக்கே முன்னுரிமை; எண்ணெய் எடுக்கத் தேவையான அளவு மேல் நிலத்தை அவர்கள் பயன்படுத்தலாம். ஓக்லஹோமாவில் 1982 முதல், நியூ மெக்சிகோவில் 2007 முதல் மேல் நிலத்துக்காரருக்கு இழப்பீடு தரச் சொல்லும் தனிச் சட்டங்கள் உண்டு. டெக்சஸில் அப்படி ஒன்று இல்லை. 1971இல் கெட்டி ஆயில் எதிர் ஜோன்ஸ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே நடந்துவரும் விவசாயத்துக்கு ஓரளவு இடம் விட்டுத்தான் துளையிட வேண்டும் என்றது. மற்றபடி பேசி வாங்குவதுதான்.

கனிமம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு காலத்துக்கு வருவோம். மூன்று வருடம் என்றதும் மூன்று வருடத்தில் நிலம் திரும்பிவிடும் என்று நினைக்கிறீர்கள். லீஸின் இரண்டாவது பத்தியை எடுத்துப் படியுங்கள். மூன்று வருடம், அதன் பின் எண்ணெயோ எரிவாயுவோ உற்பத்தியாகும் காலம் வரையிலும் என்று இருக்கும். அந்த "காலம் வரையிலும்" என்பதில்தான் விஷயம். ஒரு கிணறு ஓடத் தொடங்கிவிட்டால் லீஸ் உங்கள் பேரன் காலம் வரைகூட நிற்கும். எவ்வளவு ஓடினால் போதும் என்பதற்கு 1959ஆம் வருடத் தீர்ப்பு ஒன்று, கிளிஃப்டன் எதிர் கூன்ட்ஸ், இன்றும் அளவுகோல். நியாயமான ஒரு காலப்பகுதியில் கிணறு அன்றாடச் செலவை மீறிச் சிறு லாபமாவது தந்தால் லீஸ் உயிரோடு இருக்கிறது. லாபம் இல்லாவிட்டாலும், விவரமுள்ள ஒருவர் அந்த நிலைமையில் கிணற்றைத் தொடர்ந்து ஓட்டுவாரா என்று பார்ப்பார்கள். என்னிடம் வந்த ஒரு முதியவரின் 300 ஏக்கரும் 1950களில் அவர் அப்பா போட்ட லீஸில் மாட்டியிருந்தது. நாளைக்கு மூன்று பீப்பாய் கக்கும் ஒரே ஒரு கிணறு. மாதா மாதம் அவருக்கு வந்த காசோலை இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடக்கூடப் போதாது. பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கம் ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் போனஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

அதைத் தடுக்கத்தான் ப்யூ ஷரத்து என்று ஒன்று. லூசியானாவின் கிரௌலி ஊரைச் சேர்ந்த லாரன்ஸ் ப்யூ என்ற வக்கீல் 1947இல் எழுதியதால் அந்தப் பெயர். மூன்று வருடம் முடியும்போது, உற்பத்தி செய்யும் கிணற்றோடு சேர்த்த பகுதி மட்டும் லீஸில் நிற்கும், மீதி நிலம் தானாக விடுபடும் என்பது அதன் சாரம். 48 ஏக்கர்தானே, முழுவதையும் ஒரே யூனிட்டில் (கிணற்றுக்காகப் பல நிலங்களைச் சேர்த்து வகுக்கும் பகுதி) போட்டுவிடுவார்களே, நமக்கு எதற்கு என்று தோன்றலாம். உங்கள் அளவுக்கு இதைவிட முக்கியம் இதே ஷரத்தின் ஆழக் கணக்கு. கொன்சாலஸின் அடியில் ஈகிள் ஃபோர்ட் என்ற எண்ணெய்ப் பாறை அடுக்கு மட்டும் இல்லை. அதற்கு மேலே ஆஸ்டின் சாக், கீழே புடா என்று வேறு அடுக்குகளும் உண்டு. துளையிட்ட அடுக்கின் அடிமட்டத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் 100 அடி கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம். இரண்டு வருட நீட்டிப்பு உரிமையை முடிந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். முடியாது என்றால் முதல் போனஸுக்குக் குறையாத தொகையை அப்போது மறுபடி தர வேண்டும் என்று கேளுங்கள்.

இப்போது வாரத்துக்கு, அதாவது ராயல்டிக்கு, வருவோம். 3/16 என்றால் 18.75 சதவீதம். ஒரு காலத்தில் நாடு முழுக்க 1/8தான். நல்ல எண்ணெய்ப் பகுதிகளில் இன்று டெக்சஸ்காரர்கள் 1/4 கேட்பது சாதாரணம், பல இடங்களில் கிடைக்கிறது. 2006இல் டல்லஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையம் தன் அடியில் இருந்த எரிவாயுவை லீஸுக்கு விட்டபோதே 25 சதவீதம் வாங்கியது. உங்களுக்கு அந்த பலம் கிடையாதுதான். ஆனால் வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 640 ஏக்கர் யூனிட்டில் உங்களுக்கு 24 நிகர ஏக்கர் என்று வையுங்கள். 24ஐ 640ஆல் வகுத்து 3/16ஆல் பெருக்கினால் 0.00703125. கிணறு நன்றாக ஓடும் ஒரு மாதத்தில் 15,000 பீப்பாய், பீப்பாய் 70 டாலர் என்றால் விற்பனை பத்தரை லட்சம் டாலர். உங்கள் பங்கு சுமார் 7,380 டாலர். அதே 1/4 என்றால் சுமார் 9,840. மாதத்துக்கு 2,460 டாலர் வித்தியாசம். (இரண்டிலிருந்தும் மாநிலத்தின் 4.6 சதவீத எண்ணெய் வரி போகும், எரிவாயுவுக்கு 7.5.) போனஸை 750இலிருந்து 1,000 ஆக்கினால் உங்களுக்கு ஒரே ஒரு முறை 6,000 டாலர் கூடும். மூன்று நல்ல மாதங்களில் ராயல்டி வித்தியாசம் அதைத் தாண்டிவிடும். ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இறுகிய ஷேல் பாறையில் தோண்டும் கிணறுகள் முதல் வருடத்திலேயே பாதிக்கும் மேல் இறங்கிவிடும், எனவே 15,000 என்பது நிலைத்த எண் கிடையாது. கிணறே தோண்டாமலும் போகலாம். லீஸ் போட்டுத் தோண்டாமல் காலாவதியாகும் நிலம் ஏராளம். அப்படிப் போனால் நீங்கள் பார்க்கும் ஒரே பணம் போனஸ்தான். ஆக, உங்கள் பக்கம் கிணறு வர வாய்ப்பு அதிகம் என்றால் ராயல்டிக்கு மல்லுக்கட்டுங்கள், வாய்ப்புக் குறைவென்றால் போனஸுக்கு.

அந்த வாய்ப்பை வீட்டிலிருந்தே ஓரளவு பார்த்துவிடலாம். டெக்சஸில் எண்ணெயைக் கட்டுப்படுத்தும் துறையின் பெயர் ரயில்ரோடு கமிஷன். ரயிலுக்கும் அதற்கும் இப்போது ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் இணையதளத்தில் இலவச வரைபடம் இருக்கிறது. உங்கள் நிலத்தைக் கண்டுபிடித்து, சுற்றிலும் ஐந்து மைலில் என்ன கிணறுகள், எந்தக் கம்பெனி, புதிதாக அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பூமிக்குள் கிடையாகப் போகும் கிணறுகள் கோடுகளாகத் தெரியும். கோடுகள் எல்லாம் ஒரே சாய்வில் உங்கள் வேலியை நோக்கி வந்து நின்றிருந்தால், அடுத்த கோடு எங்கே போகும் என்பதற்கு ஜோசியர் வேண்டாம். அப்படி இருந்தால் உங்கள் 48 ஏக்கர் அவர்கள் வழியில் விட்டுப்போன இடைவெளி. பேச்சில் உங்கள் பலமே அதுதான்.

வந்தவர் யாருடைய ஆள் என்பதையும் பாருங்கள். பல லேண்ட்மேன்கள் நாள் கூலிக்கு வேலை செய்பவர்கள், பின்னால் உண்மையான கம்பெனி இருக்கும். சிலர் தரகர்கள், லீஸை எழுதி வாங்கிக் கைமாற்றிவிடுவார்கள். தரகரின் கணக்கு எப்படி என்றால்: உங்களிடம் 18.75க்கு வாங்கி, எல்லா ராயல்டியும் போக 75 சதவீதம் கையில் வரும்படி பெரிய கம்பெனிக்கு விற்பார். நடுவில் உள்ள 6.25 சதவீதம் கிணறு ஓடும் வரை அவருடையது. அந்த 6.25 உங்கள் எண்ணெயிலிருந்து போகிறது. பெரிய கம்பெனிக்கு மொத்தம் 25 கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்தது சுமை கூலி. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், வக்கீல் வைத்தவர்களும் சேர்த்து. எண்ணெயோடு எரிவாயுவும் வரும். அதைச் சேகரிக்க, அழுத்த, ஈரம் பிரிக்க, சுத்திகரிக்க, குழாயில் அனுப்பச் செலவு உண்டு. லீஸில் ராயல்டி "கிணற்றடிச் சந்தை விலையில்" என்று இருந்தால் இந்தச் செலவில் உங்கள் பங்கும் கழியும். களத்துமேட்டில் நெல்லுக்கு ஒரு விலை, மில் வாசலில் ஒரு விலை. களத்துமேட்டு விலை என்று ஒப்புக்கொண்டால் வண்டி வாடகை உங்கள் பங்கிலும் விழும், அவ்வளவுதான். சரி, "எந்தச் செலவையும் கழிக்கக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் முடிந்ததா? முடியாது. 1996இல் ஹெரிட்டேஜ் ரிசோர்சஸ் எதிர் நேஷன்ஸ்பேங்க் வழக்கில் லீஸில் கிட்டத்தட்ட அப்படியே எழுதியிருந்தது. டெக்சஸ் உச்ச நீதிமன்றம், அளவிடும் இடம் கிணற்றடி என்று சொன்ன பிறகு அந்த வரி வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட்டது. 2015இல் ஹைடர் குடும்பம் செசபீக் கம்பெனியை அதே நீதிமன்றத்தில் ஜெயித்தது, ஆனால் அந்த லீஸின் வார்த்தைகள் வேறு. 2023இல் டெவன் எதிர் ஷெப்பர்ட் வழக்கிலும் நிலத்துக்காரர் ஜெயித்தார். கழித்த செலவை விலையோடு திரும்பக் கூட்டி அதன்மேல் ராயல்டி தர வேண்டும் என்று அவர்கள் தெளிவாக எழுதி வாங்கியிருந்தார்கள். இந்த மூன்றையும் பார்த்து நான் உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான்: "கிணற்றடி" என்ற சொல் ராயல்டிப் பத்தியில் எங்குமே இருக்கக் கூடாது. சம்பந்தமில்லாத மூன்றாம் நபருக்கு விற்ற முழு விலையில் பங்கு என்று இருக்க வேண்டும். இந்த ஒரு பத்தியை மட்டும் நீங்களே எழுதாதீர்கள். எண்ணெய், எரிவாயுச் சட்டத்தில் டெக்சஸ் வக்கீல்களுக்குத் தனிச் சான்றிதழ் உண்டு, அது உள்ள ஒருவரிடம் கொடுங்கள். மணிக்குச் சில நூறு டாலர் ஆகும். மூன்று நான்கு மணி நேர வேலை.

இப்போது லேண்ட்மேன் விட்டுப்போன காகிதங்களில் ஒன்று, ட்ராஃப்ட். இந்தியாவில் வளர்ந்த நம் ஆட்களை நான் அதிகம் எச்சரிப்பது இதற்குத்தான். நமக்கு டிடி என்றால் ரொக்கம் மாதிரி, பணத்தைக் கட்டினால்தான் வங்கி எழுதித் தரும். எண்ணெய் லீஸுக்கு இவர்கள் தரும் ட்ராஃப்ட் அப்படி இல்லை. அச்சடித்த காசோலை மாதிரியே இருக்கும், கீழே சின்ன எழுத்தில் "பத்திர உரிமை சரிபார்த்து ஒப்புதல் ஆன பின், 30 வங்கி வேலை நாட்களுக்குள்" என்று இருக்கும். அதற்குள் கம்பெனிக்கு மனம் மாறினால் ட்ராஃப்ட் திரும்பிவிடும். இதற்கிடையில் உங்கள் கையெழுத்திட்ட லீஸ் அவர்கள் கையில், சில சமயம் கவுண்டியில் பதிவும் ஆகியிருக்கும். விலை விழுந்த ஒரு வாரத்தில் இப்படித் திரும்பிய ட்ராஃப்ட்டுகளை ஒரு கட்டாகவே பார்த்திருக்கிறேன். அன்று நான் கம்பெனி பக்கம் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே கையெழுத்திட்ட லீஸை ஒரு வக்கீலிடமோ டைட்டில் கம்பெனியிடமோ கொடுத்துவையுங்கள். பணம் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு லீஸ் அவர்கள் கைக்குப் போகட்டும். அதேபோல உத்தரவாதப் பத்தியை அடித்துவிடச் சொல்லுங்கள். கனிமம் என்னுடையதுதான் என்று நீங்கள் உத்தரவாதம் கொடுத்து, பிறகு பாதிதான் என்று தெரிந்தால் போனஸைத் திருப்பிக் கேட்பார்கள். தேடிப் பார்ப்பது அவர்கள் வேலை.

இன்னொரு வேடிக்கை. அச்சடித்த லீஸின் தலையில் சின்னதாக "புரொட்யூசர்ஸ் 88" என்று இருக்கிறதா பாருங்கள். இது எல்லாரும் போடும் வழக்கமான ஃபாரம் என்று லேண்ட்மேன் சொல்லியிருப்பார். அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத எத்தனையோ ஃபாரங்கள் சுற்றுகின்றன. பெயர் எதற்கும் உத்தரவாதம் இல்லை. அச்சில் இருப்பதை மாற்ற முடியாது என்பதும் உண்மை இல்லை. பின்னிணைப்பு ஒன்று சேர்த்து, இரண்டும் முரண்பட்டால் பின்னிணைப்பே செல்லும் என்று ஒரு வரி போடுவதுதான் வழக்கம்.

மேல் மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் 48 ஏக்கரில் நான் ஒரே ஒரு வரியைத்தான் கேட்பேன்: என் நிலத்தின் மேல் எதுவும் வைக்கக் கூடாது. கிடைக் கிணறு இரண்டு மைல் தொலைவிலிருந்துகூட உங்கள் அடியில் வரும், அதனால் இதை ஒப்புக்கொள்வது கம்பெனிக்குப் பெரும்பாலும் கஷ்டமில்லை. கனிமத்தில் பாதி வேறொருவருடையது என்றால் அவருடைய லீஸில் இந்தக் கட்டுப்பாடு இருக்காது என்பதையும் கவனியுங்கள். அவரிடம் லீஸ் வாங்கிய கம்பெனி அவர் வழியாக உங்கள் மேய்ச்சலில் கால் வைக்க முடியும், ஆனால் அதே கம்பெனி உங்களோடும் லீஸ் போட்டிருந்தால் உங்களுக்குக் கொடுத்த வார்த்தை அதைக் கட்டுப்படுத்தும். அவர்கள் மறுத்தால் பாதை, குழாய், கிணற்று மேடை ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை, வீட்டிலிருந்தும் தண்ணீர்க் கிணற்றிலிருந்தும் தூரம் (அச்சில் பெரும்பாலும் 200 அடிதான் இருக்கும், அது போதாது), கழிவு நீரை இறக்கும் கிணறு கூடவே கூடாது என்று வரிசையாகப் பேச வேண்டிவரும். நிலத்தடி நீர் டெக்சஸில் நிலத்துக்காரருடையது. அதை இலவசமாக எடுத்துக்கொள்ளும் வரி அச்சில் இருக்கும், அடித்துவிடுங்கள்.

மறுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமைக் கெடுவுக்குப் பின்னால் இருக்கும் பயம் அதுதான். கனிமம் முழுவதும் உங்களுடையது என்றால் அனுமதி இல்லாமல் உங்கள் அடியில் துளையிட முடியாது. ஆனால் வேலிக்கு அப்பால் துளையிட்டு உங்கள் பக்கத்து எண்ணெய் அங்கே ஓடிவிட்டால் கேட்க முடியாது. 2008இல் கோஸ்டல் எதிர் கார்சா வழக்கில், பாறையைப் பிளக்கும் விரிசல் பக்கத்து நிலத்துக்குள் போய் எரிவாயுவை இழுத்தாலும் அந்த இழப்புக்கு ஈடு கேட்க முடியாது என்று தீர்ப்பானது. பாதி வேறொருவருடையது என்றால் அவரிடம் மட்டும் லீஸ் வாங்கிக்கொண்டு துளையிடலாம். உங்களுக்கு ராயல்டி வராது, தோண்டிய செலவெல்லாம் எடுத்த பிறகு லாபத்தில் உங்கள் பங்கு வரும். சிலருக்கு அது நல்லதுகூட. ஆனால் மாதா மாதம் கணக்குக் கேட்டுச் சண்டை போடத் தெம்பு வேண்டும். காத்திருப்பதிலும் அபாயம் உண்டு. 2008 கோடையில் ஃபோர்ட் வொர்த் பக்கம் ஏக்கருக்கு 20,000 டாலருக்கு மேல் போனஸ் பேசினார்கள். இன்னும் ஏறும் என்று காத்திருந்த தெருக்கள் உண்டு. இலையுதிர் காலத்தில் எரிவாயு விலை விழுந்து அந்தப் பேச்சே மறைந்தது. அதனால்தான் 750 நியாயமா என்பதற்கு என்னால் எண்ணாகப் பதில் தர முடியவில்லை. அது இந்த மாதம் உங்கள் வேலிக்கு அப்பால் என்ன கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. கவுண்டியில் பதிவாவது பெரும்பாலும் லீஸின் சுருக்கக் குறிப்பு மட்டுமே, தொகை அதில் இருக்காது. பக்கத்து நிலத்துக்காரர்களிடம் போய்ப் பேசுவதுதான் வழி. ஒரு பாக்கெட் முறுக்கோடு போனால் போதும், அந்த ஊர்க்காரர்கள் நன்றாகப் பேசுவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து 300, 400 ஏக்கராக ஒரே வக்கீலிடம் போனால் வக்கீல் செலவும் பங்காகும், கம்பெனியும் வேறு குரலில் பேசும்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். நிலத்தின் மேல் கடன் இருந்தால், அந்த அடமானத்தை லீஸுக்குப் பின்னே தள்ளிவைக்க வங்கியின் கையெழுத்தைக் கம்பெனி கேட்கலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், முன்பே வங்கியிடம் சொல்லிவையுங்கள். போனஸ் அந்த வருடச் சாதாரண வருமானமாக வரியில் வரும். ராயல்டிக்கு 15 சதவீதத் தேய்மானக் கழிவு உண்டு. உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். முதல் ராயல்டி, விற்பனை தொடங்கிய மாதம் முடிந்து 120 நாளுக்குள் வர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதற்கு முன் டிவிஷன் ஆர்டர் என்று உங்கள் பங்கைக் காட்டும் ஒரு தாள் வரும், அதில் மேலே போட்ட மாதிரி ஏழெட்டு இலக்கத் தசம எண் இருக்கும். கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

வெள்ளிக்கிழமையைப் பற்றி: அந்தக் கெடு பெரும்பாலும் லேண்ட்மேனின் கெடுதான். இன்றைக்கே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். லீஸில் ஆர்வம் உண்டு, வக்கீல் பார்க்கிறார், உங்கள் கணக்கில் எங்களுக்கு எத்தனை நிகர ஏக்கர், எந்தக் கம்பெனிக்காக வாங்குகிறீர்கள், 1/4 ராயல்டிக்கு இடம் உண்டா. எண்ணைச் சொல்லிக் கம்பெனி பெயரைச் சொல்லாமல் மழுப்பினால் அவர் தரகராக இருக்கலாம். வரைபடத்தில் உங்கள் பக்கம் வரும் கோடுகளின் படத்தையும், வாங்கிய பத்திரத்தில் கனிமம் பற்றிய பத்தியையும் பெயர், முகவரியை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். அதைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் குறிப்பாகச் சொல்ல முடியும்.